நெல்லைக் கரிசலில் பூனைப்பருந்து: அடையும் இடத்தைத் தேடி எண்ண விரும்புகிறவர்களுக்கு

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்து, கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் தரையை மூடத் தொடங்கும்போது பூனைப்பருந்துகள் வந்து சேர்ந்திருக்கும். கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறவை. பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். பகலில் இவற்றைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. மானூர்ப் பக்கமோ கங்கைகொண்டான் பக்கமோ ஒரு மானாவாரிக் காட்டோரம் பொறுமையாக நின்றால், பயிருக்கு ஓர் ஆள் உயரம்கூட இல்லாமல் தாழப் பறந்து போவதைக் காணலாம். ராத்திரி எங்கே தங்குகின்றன என்பதுதான் எளிதில் பிடிபடாது. மற்ற பருந்துகள் மாதிரி இவை மரத்தில் அடைவதில்லை. தரையில், புல்லுக்குள், பல பறவைகள் ஒரே இடத்தில் கூடி அடைகின்றன.

அந்த இடத்தில் எடுக்கும் கணக்குதான் பயனுள்ள கணக்கு. பகலில் பத்து மைல் சுற்றளவில் சிதறிக் கிடக்கும் பறவைகளை யாரும் எண்ண முடியாது. சாயங்காலம் அவை தாமாக ஓரிடம் வந்து சேரும்போது எண்ணலாம். இந்தியா முழுவதும் இப்படி எடுத்த கணக்குகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, முப்பது ஆண்டுகளில் இவற்றின் எண்ணிக்கை சரிந்துவருவதையே காட்டியது. நம் பக்கத்துக் கணக்கு இன்னும் நிறைய வேண்டும். ஆனால் எப்படித் தொடங்குவது, யாரிடம் அனுமதி கேட்பது, என்ன செலவாகும் என்பதெல்லாம் தமிழில் ஒரே இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆள் ஆளாகக் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த அடைவிடங்களின் பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. காரணம் கடைசியில் வரும்.

1. முதலில் பகலில் பழகுங்கள்

அடைவிடத்துக்கு நேராகப் போகாதீர்கள். கார்த்திகை முழுக்கப் பகலில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். நம் பக்கம் முக்கியமாக மூன்று வகை வரும்.

மாண்டேகு பூனைப்பருந்து மெலிந்தது, சிறகு நீண்டது. ஆண் சாம்பல் நிறம்; சிறகின் மேற்பக்கம் கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடும். வெளிறிய பூனைப்பருந்தின் ஆண் அதைவிட வெள்ளை. சிறகு நுனியில் மட்டும் ஆப்பு வடிவக் கறுப்பு. மூன்றாவது சேற்றுப் பூனைப்பருந்து. இது பெரியது, கனத்தது. பெண் கரும்பழுப்பு உடலும் வெண்மஞ்சள் தலையுமாக இருக்கும். இதைப் பார்க்கக் கூந்தன்குளம் நல்ல இடம். 1994இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பொதுமக்கள் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம்.

முதல் இரண்டு வகையின் பெண்ணும் இளம்பறவையும்தான் சிக்கல். இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் இடுப்பில் வெள்ளைத் திட்டு. வெளிறியதற்குக் கன்னத்துக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஒரு வெளிர் பட்டை தெரியும்; மாண்டேகுவுக்கு அந்தப் பட்டை இருக்காது. பறவை உங்களை நோக்கித் தலையைத் திருப்பும் ஒரு நொடியில்தான் இது தெரியும். அப்போது முகத்தையும் பாருங்கள்: ஆந்தை முகம் போல வட்டமாக இருக்கும். வெட்டுக்கிளியும் எலியும் புல்லுக்குள் எழுப்பும் சலசலப்பைக் காதால் பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது.

ஒரு பொறி: கருந்தோள் பருந்தை வெளிறிய ஆண் என்று எழுதிவிடுவது. கருந்தோள் பருந்தும் வெள்ளைதான். ஆனால் அது மின்கம்பியில் உட்காரும், ஆகாயத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பூனைப்பருந்து சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்தாடியபடி போய்க்கொண்டே இருக்கும்.

2. வாங்க வேண்டியவை, செலவு

பைனாகுலர் ஒன்று போதும். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சுமார் 8,000 முதல் 15,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். 20 மடங்கு, 30 மடங்கு என்று இணையத்தில் மலிவாக விற்பவற்றை வாங்காதீர்கள். கை ஆடினால் படமும் ஆடும், அந்தி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. நமக்கு வேலையே அந்தியில்தான். எட்டு மடங்குக்கு மேல் போகாமல் கண்ணாடி அகலமாக இருப்பதுதான் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும்.

கேமரா இல்லாமலே தொடங்கலாம். பார்த்த பறவையைப் பதிய இ-பேர்ட், அடையாளம் காண மெர்லின்; இரண்டு செயலிகளும் இலவசம். கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருட்டும் நேரத்தில் நடமாடும் நிலம் இது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

போக்குவரத்துக்கு பைக் நல்லது. டவுன் பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் வேலை முடிவதே ஏழு மணிக்கு. உள்கிராமத்திலிருந்து திரும்ப அந்நேரம் பஸ் இருக்கும் என்று நம்பி நிற்க முடியாது. மழை பெய்த அன்றும் மறுநாளும் கரிசலில் பைக்கை இறக்கவே கூடாது. மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் தோண்டி எடுத்தாலும் பத்தடியில் மறுபடி அடைத்துக்கொள்ளும். தார்ச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

3. அடைவிடத்தைத் தேடுவது

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

முதல் வழி, பறவையே காட்டுவது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வேட்டையை விட்டுவிட்டு ஒரே திசையில் நேராகப் போகும் பறவையைக் கவனியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தையும் அது போன திசையையும் கூகுள் மேப்பில் ஒரு கோடாகப் போடுங்கள். இன்னொரு நாள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று அதேபோல ஒரு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். சாட்டிலைட் படத்தில் உழவில்லாத, மரமில்லாத, வைக்கோல் நிறத் திட்டாகத் தெரியும் தரிசாகப் பாருங்கள். முழங்காலிலிருந்து இடுப்பு வரை புல் வளர்ந்து, நடைபாதை விலகியிருக்கும் சமதரையாக இருக்கும்.

இரண்டாவது வழி, ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்பது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “பருந்து அடையுற எடம் தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டால், “பருந்து மரத்துலல்லா அடையும் தம்பி” என்பதுதான் பதில். “கோழி தூக்குற பருந்து இல்ல அண்ணாச்சி. பயறு காட்டுக்கு மேல தாழப் பறக்கும்லா, சாம்பக் கலர்ல, அது. பொழுது சாயுத நேரத்துல புல்லுக்குள்ள இறங்குத எடம் பாத்திருக்கியளா?” என்று கேளுங்கள். அடையாளத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், கிடை போட்டு ராத்தங்கியவர்கள் யோசித்து இடம் சொல்வார்கள். அடைவிடம் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல தகவல் எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான்.

4. நிலம் யாருடையது: பார்க்க வேண்டிய ஆவணங்கள்

இடம் தெரிந்ததும் உள்ளே காலை வைக்காமல் நிலம் யாருடையது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேடு கட்டணமில்லாமல் கிடைக்கும். பட்டாவா, புறம்போக்கா, குளமா என்பது அதில் தெரிந்துவிடும். புலப்படத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; எல்லை தெரியும்.

இங்கே பலர் தடுக்கி விழுவது மாவட்டத் தேர்வில். நெல்லைச் சீமை என்று நாம் பேச்சில் சொல்வது இன்று மூன்று மாவட்டம். கயத்தாறு, கோவில்பட்டி என்றால் தூத்துக்குடி. சங்கரன்கோவில் என்றால் தென்காசி. மாவட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டுக் கிராமப் பெயரைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். எதற்கு என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பைனாகுலரோடு வயக்காட்டில் நிற்கும் வெளியூர்க்காரரை நில புரோக்கர் என்றோ சோலார் கம்பெனி ஆள் என்றோதான் ஊரில் நினைப்பார்கள். அந்தச் சந்தேகத்தை முதல் நாளே தீர்த்துவிட வேண்டும்.

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் வாய்வழி அனுமதி போதும். பட்டாவில் பெயர் இருக்கும், ஆள் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார். ஊர் டீக்கடையில் விசாரித்தால் போன் எண் கிடைத்துவிடும். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஊராட்சித் தலைவரிடமும் வி.ஏ.ஓ.விடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் இன்னும் ஒரு படி மேலே. கங்கைகொண்டானில் 2013இல் புள்ளிமான் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் ஆய்வுக்காகவோ படம் எடுக்கவோ போவதற்கு, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டும். அனுமதி தரும் அதிகாரம் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு. கடிதத்தை மாவட்ட வன அலுவலர் வழியாக அனுப்புங்கள். ஆதார் நகல், கல்லூரியோ அமைப்போ தரும் அறிமுகக் கடிதம், இடத்தின் வரைபடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், எதையும் பிடிக்கவோ எடுக்கவோ மாட்டோம் என்ற உறுதி, இவ்வளவும் இணைத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடிதம் திரும்பி வரும். எனக்கு ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பி, பருவமே பாதி போய்விட்டது. மார்கழிக்கு வேண்டும் என்றால் ஆவணியிலேயே கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விஜயநாராயணம் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. இந்த மூன்று இடங்களின் சுற்றுப்புறத்திலும் பைனாகுலரையோ லென்ஸையோ வளாகம் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். யாராவது கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள், கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். ட்ரோன் எங்கேயும் வேண்டாம். பறவைக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

5. எண்ணும் சாயங்காலம்

மார்கழி, தை இரண்டு மாதமும் நல்ல காலம். பொழுது சாயும் நேரம் கார்த்திகைத் தொடக்கத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பு. தை கடைசியில் ஆறரையை ஒட்டி வந்துவிடும். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். பறவை வரத் தொடங்கிய பிறகு நீங்கள் நடந்து வந்தால் அன்றைய கணக்கு கெட்டது.

எவ்வளவு தூரம்? புல்லின் ஓரத்திலிருந்து குறைந்தது 250, 300 மீட்டர். உடைமரப் புதரோ வரப்போ பின்னால் இருந்தால் நல்லது. உருவம் வானத்தில் எழுந்து தெரியாமல் உட்காருங்கள். உடையில் வெள்ளை வேண்டாம்.

எந்தப் பக்கம்? வெயில் முதுகில் படும்படி மேற்கே நின்றால் நிறம் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். அது நாலரை மணிக்குச் சரி. ஆனால் பெரும்பாலான பறவை வருவது சூரியன் மறைவதை ஒட்டிய கடைசிக் கால்மணி நேரத்திலும் அதற்குப் பிறகும்தான். அந்நேரம் கிழக்கு வானம் இருண்டுவிடும்; பறவை கண்ணுக்கே தெரியாது. அடைவிடத்துக்குக் கிழக்கே உட்கார்ந்து மேற்கே பாருங்கள். செவ்வானத்தின் மேல் ஒவ்வொரு பறவையும் கறுப்பு உருவமாகத் தெளிவாக விழும். நிறம் தெரியாதுதான், எண்ணிக்கை தெரியும். வகை பிரிப்பதை முன்னால் வந்தவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவை வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் எண்ண முடியும். ஒவ்வொன்றாக, எல்லாத் திசையிலிருந்தும், தரையை ஒட்டியே வரும். நேராகப் புல்லுக்குள் போகாது. பக்கத்து வெறுந்தரையில், உழுத நிலத்தில், இறங்கி உட்கார்ந்து இறகு கோதும். கட்டிக்கு நடுவே இன்னொரு கட்டி மாதிரி அசையாமல் இருப்பதால் பைனாகுலரில் பார்த்தாலும் தப்பிவிடும். பிறகு எழுந்து புல்லுக்கு மேல் சுற்றும், ஒன்று இறங்கும், இறங்கிய இடம் பிடிக்காமல் மறுபடி எழும், இன்னொன்றை எழுப்பிவிடும். இருட்டு முற்றிய பிறகுதான் அடங்கும். புல்லுக்குள் ஒவ்வொன்றும் மிதித்துச் சமன் செய்த சிறு தட்டு போன்ற இடத்தில் ராத்தங்கும்.

ஆகவே பறக்கிறவற்றை எண்ணினால் ஒரே பறவையை நான்கு முறை எழுதிவிடுவீர்கள். எண்ண வேண்டியது இரண்டே: புல்லுக்குள் இறங்கியது எத்தனை, எழுந்தது எத்தனை. நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி போட்டு, நேரம், இறங்கியது, எழுந்தது, வகை என்று கட்டம் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் கழித்தால் அடைந்த பறவைகளின் எண்ணிக்கை. மூன்று பேர் இருந்தால் புல்வெளியை மூன்று பாகமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாகம். ஒருவர் பாகத்தை இன்னொருவர் எண்ணக் கூடாது. எழுத ஒரு ஆள் தனியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நோட்டைக் குனிந்து பார்க்கும் நொடியில்தான் இரண்டு இறங்கிவிடும்.

தொடர்ந்து சில நாள் எண்ணினால் எண் மாறும். அந்த எண்களைக் கூட்டக் கூடாது. அதே பறவைகள்தான் மறுநாளும் வருகின்றன. எல்லா நாளையும் அப்படியே பதிந்துவிட்டு, அந்தப் பருவத்தின் எண்ணாக மிகுந்த நாளின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் முழுக்க இருட்டிய பிறகு, வந்த வழியே, டார்ச்சைக் காலடியில் மட்டும் அடித்துத் திரும்புங்கள். புல் பக்கம் ஒளி போகக் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது. இருட்டில் கிளம்பிப் பறக்கும் பறவைக்கு மறுபடி இறங்க இடம் கிடைப்பது கஷ்டம். தரையில் இருப்பதால் நாய்க்கும் நரிக்கும் அகப்படும். ‘உள்ளே போய் ஒரே ஒரு படம்’ என்று யாராவது கூட வந்தவர் கேட்டால் அவரை அடுத்த முறை அழைத்துப் போகாதீர்கள். இதில் தயவு பார்க்க வேண்டியதில்லை.

பகலிலும் புல்லுக்குள் போக வேண்டாம். பருந்து கக்கிய உமிழ்வுருண்டைகளில் வெட்டுக்கிளிக் கால், எலி முடி எல்லாம் கிடக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றையும் உதிர்ந்த இறகையும் எடுத்து வருவது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

6. பதிவு செய்வது

அன்றிரவே இ-பேர்டில் ஏற்றிவிடுங்கள். வகை தெரியாதவற்றை மாண்டேகு என்று ஊகித்து எழுதாதீர்கள். பிரித்தறியாத பூனைப்பருந்து என்றே பதியலாம். வெளிறிய பூனைப்பருந்து உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் இருக்கும் இனம். ஊகத்தில் எழுதும் எண் அதன் கணக்கைக் கெடுக்கும்.

இடத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். பதிவை மறைத்துவைக்கும் வசதி உண்டு. பருவம் முடிந்ததும் திறந்துவிடலாம். அடைவிடம் எங்கே என்று வெளியில் தெரிந்தால் அந்த வாரமே கேமராவோடு வண்டிகள் வந்து நிற்கும். இந்தக் கட்டுரையில் நான் இடம் சொல்லாததும் இதனால்தான். கணக்கு பயன்பட வேண்டும் என்றால் மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறவர்கள் அவர்கள். புதியவர்கள் அந்தக் கணக்கெடுப்பிலும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்தால் பழகிய ஆட்களோடு நின்று கற்றுக்கொள்ளலாம்.

7. இடத்துக்கு ஆபத்து வந்தால்

மாசி, பங்குனியில் புல் காய்ந்ததும் தீ வைப்பார்கள், புதுப்புல் தழைக்கட்டும் என்று. பறவை இன்னும் போயிருக்காது. ஆடு வைத்திருப்பவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் மேய்ப்பதால்தான் அந்தத் தரிசு தரிசாகவே இருக்கிறது. “பங்குனி பாதி வரைக்கும் இந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவைங்க அண்ணாச்சி” என்று மார்கழியிலேயே சொல்லி வைத்தால் பெரும்பாலும் கேட்பார்கள். பட்டாதாரரிடமும் இதையே கேளுங்கள். அவர் விற்க முடிவு செய்தால் நாம் தடுக்க முடியாது.

புறம்போக்கில் பிளாட் கல் நட்டாலோ மண் அள்ளினாலோ மனு கொடுக்கலாம். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். ‘அ’ பதிவேட்டு நகல், புலப்படம், தேதி வாரியாக உங்கள் கணக்கு, தூரத்திலிருந்து எடுத்த படம் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். ஒரு நகலை மாவட்ட வன அலுவலருக்கும் கொடுங்கள். ஒரே ஒரு சாயங்காலக் கணக்கோடு போனால் ஓரமாக வைத்துவிடுவார்கள். இரண்டு பருவக் கணக்கு இருந்தால் எடுத்துப் பார்க்கிறார்கள். மனு எண் எழுதிய ரசீதை வாங்காமல் வரிசையை விட்டு வராதீர்கள், அடுத்த முறை போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.